மறுபாதி சொல்கிறவர்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசரத்துக்கு ஒரு மணிப் பொத்தானை அமுக்குவார்களே, அந்த மணி எங்கே போய் அடிக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். மாட்டிக்கொண்டால்தானே அந்த யோசனையெல்லாம் வரும். நான் சொல்கிற ஊரில் அது ஒரு லிஃப்ட் கம்பெனியின் பின்பக்கம், உதிரிபாகக் கிடங்கை ஒட்டின ஓர் அறையில் போய் அடித்தது. ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட், ஒரே ஒரு நாற்காலி. இன்னொருவர் வந்தால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். அதற்கும் யாரும் வந்ததில்லை.

அந்த நாற்காலியில் பகல் முழுக்க ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தால், "ஹலோ, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று ஆரம்பிப்பாள். மெக்கானிக் பையன்கள் சும்மா இருப்பார்களா? ஹலோக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். போகப் போகச் சம்பளம் போடுகிறவரே அப்படித்தான் கூப்பிட்டார்.

ஹலோக்கா நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டு அலுத்து ஓய்ந்துவிட்டார்கள். தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பிக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது மாமியார் வந்து தங்க வேண்டியதாகிவிட்டது. "அக்கா, உனக்கு ஒரு ரூம் பாத்திருக்கேன். உனக்கும் ஃப்ரீயா இருக்கும் பாரு" என்றான் அந்தப் புண்ணியவான். ஃப்ரீயாகத்தான் இருந்தது. சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே போனால் மறுநாள் காலை கதவைப் பூட்டும்வரை வாயைத் திறக்க வேலையே இல்லை. ஏதாவது குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். டிவிக்காரர்கள் யாரும் இவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

அதனால் அந்த நாற்காலி அவளுக்கு வெறும் உத்தியோகம் இல்லை. முன்பின் தெரியாதவர்கள்தான் பேசுவார்கள், அதுவும் பயத்தில்தான் பேசுவார்கள். ஆனால் அவளிடம் பேசுவார்கள். அவள் குரலைக் கேட்டால் அழுகிற குழந்தை நிறுத்தும். அந்த நாற்காலி போய்விட்டால் இந்த உலகத்தில் அவளிடம் பேச நாதியில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளிருந்தால் இந்தக் கதையே இல்லையே.

இப்படி இருக்கும்போது புது மேனேஜர் வந்தார். ஊரில் புதிதாக எழும்பிய உயரக் கட்டடங்களில் வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள், அவசர லைனில் இருப்பவர் இங்கிலீஷில் தைரியம் சொல்ல வேண்டும், பரீட்சை வைப்போம் என்று அறிவித்தார். பாஸானால் நாற்காலி. இல்லையென்றால் பக்கத்துக் கிடங்கில் நட்டு போல்ட்டு துடைக்கிற வேலை. "சம்பளம் அதேதான், கவலைப்படாதீங்க" என்றார். அவளுடைய கவலை எதுவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

பயிற்சி கொடுக்க ஒரு டிரெய்னர் மேடம் வந்தார்கள். நல்ல மாதிரிதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே இலக்கணத்துக்குப் போய்விட்டார்கள். "லிஃப்டுல மாட்டினவங்ககிட்ட சொல்றது எல்லாமே 'இஃப்' வாக்கியந்தான். லைட் அணைஞ்சா பயப்படாதீங்க. கதவு பாதி திறந்தா வெளிய குதிக்காதீங்க. யாருக்காவது மயக்கம் வந்தா தரையில உக்கார வைங்க. இப்படி நடந்தா அப்படிச் செய்யுங்க, அவ்வளவுதான் உங்க வேலை." அச்சடித்த தாள்கள் கொடுத்தார்கள். முன்பாதி தாளில் இருக்கும், பின்பாதியை நாம் சொல்ல வேண்டும். நடக்கக்கூடியது முதல் வகை. நடக்காதது இரண்டாம் வகை, நான் ராஜாவாக இருந்தால், எனக்குச் சிறகு இருந்தால் என்று. மூன்றாவது வகை, நடந்து முடிந்து போனதைப் பற்றி. அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கு இப்படி ஆகியிருக்காதே என்பது. "அது லிஃப்டுக்குத் தேவைப்படாது, விட்டுடுங்க" என்றார்கள். போகும்போது மட்டும், "தனியா படிச்சா வராதும்மா. முன்பாதியை நீங்க சொல்லுங்க, பின்பாதியைக் கூட இருக்கறவங்களைச் சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட இருக்கிறவர்கள்! கிடங்குக்காரரைக் கேட்டுப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் நட்டு, போல்ட்டு, வாஷர். இதுல எதுக்கு மறுபாதி வேணும்னு சொல்லு" என்றார் அவர். தம்பிக்குப் போன் செய்தாள். "ஐயோ அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்றான். சரி போ என்று அறைக்குள் உட்கார்ந்து தானே முன்பாதி, தானே பின்பாதி என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் அந்த வேலையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கட்டடத்து வாட்ச்மேனும் வாரத்துக்கு ஒரு தடவை லிஃப்டுக்குள் போய் மணியை அமுக்கிப் பார்க்க வேண்டும். "டெஸ்ட்" என்று ஆரம்பித்து "லிஃப்ட் சரி" என்று முடிக்க வேண்டும். முடித்ததும் இவள் கம்ப்யூட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் கணக்கு மூடியது. "லிஃப்ட் சரி" வரவில்லையா, சிவப்பை அமுக்கி மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். பச்சையை அமுக்கிவிட்டால் அவ்வளவுதான், மேனேஜர் வந்தால்தான் மாற்ற முடியும்.

அன்றைக்கு ஒரு பழைய கட்டடத்திலிருந்து டெஸ்ட் மணி. முக்கால்வாசி ஆபீஸ்கள் காலி செய்துகொண்டு போன கட்டடம். இவள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. வாட்ச்மேன், "மேடம், லிஃப்ட் நின்னுட்டான்னு ஏதோ இங்கிலீஷ்ல சொன்னீங்களே, மீதி என்ன?" என்றார்.

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே பரீட்சை விஷயத்தைச் சொன்னாள்.

"அட, இவ்வளவுதானா? எனக்கும் கொஞ்சம் ஓட்டை இங்கிலீஷ் வரும். ஓட்டல்ல ரூம்பாயா இருந்தவன். நீங்க முன்பாதி விடுங்க, நான் பின்பாதி போடறேன். இங்க என்னைத் தேடி யார் வரப்போறாங்க?"

அவர்கள் பேசிய இங்கிலீஷை அப்படியே எழுதினால் உங்களுக்கும் எனக்கும் வாய் சுளுக்கிக்கொள்ளும். தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"லிஃப்ட் நின்றுவிட்டால்," என்றாள் அவள்.

"படியில் போவேன், மேடம்."

"விளக்கு அணைந்துவிட்டால்?"

"கண்ணை மூடிக்கொள்வேன். மூடிக்கொண்டால் நானே அணைத்த மாதிரி ஆகிவிடும்."

"எனக்குச் சிறகு இருந்தால்?"

"உங்க கம்பெனியை இழுத்து மூடிடுவாங்க" என்று அதை மட்டும் தமிழில் சொன்னார். ஹலோக்கா சிரித்துவிட்டாள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு, கிடங்குக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிக்கும்போது வாட்ச்மேன், "லிஃப்ட் சரி. நானும் சரி" என்றார். சட்டத்தில் இருப்பது முதல் பாதிதான். இரண்டாவது அவராகச் சேர்த்தது.

வாரம் ஒரு டெஸ்ட் தினம் ஒரு டெஸ்ட் ஆயிற்று. மத்தியானம் மணிகள் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து அவர் அடிப்பார். இவள் அந்த நேரத்துக்கு முன்னாலேயே டப்பாவை மூடி வாயைக் கொப்பளித்துவிட்டுத் தயாராக இருப்பாள். இரண்டு பேரும் பேர் கேட்டுக்கொள்ளவில்லை. இவள் சார் என்பாள், அவர் மேடம் என்பார். சொந்தக் கதை எதுவும் கிடையாது. ஆனால் 'இஃப்' போட்டுவிட்டால் மனுஷனுக்கு ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது பாருங்கள். ஒருநாள் அவரே முன்பாதி விட்டார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தால்..."

தாளில் இல்லாத வாக்கியம் அது. ஹலோக்கா மெதுவாக, வார்த்தை வார்த்தையாகக் கோத்து, "அவள் உங்களைத் தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள்" என்று முடித்தாள்.

அந்தப் பக்கம் லிஃப்டின் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "கரெக்ட் மேடம். லிஃப்ட் சரி. நானும் சரி" என்றார் அவர். மறுநாள் மணி அடித்ததும், அவர் டெஸ்ட் என்று சொல்வதற்கு முன்னாலேயே அவள், "சாப்ட்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள். சார் என்று கூப்பிடுவது அத்தோடு போனது.

பரீட்சைக்கு முந்தின நாள் அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "நாளைக்கு அவங்க உங்க பக்கத்துல உக்காந்து கேப்பாங்கல்ல? அந்த நேரம் பார்த்து நான் அடிக்கிறேன். நிஜமாவே மாட்டிக்கிட்டவன் மாதிரி இங்கிலீஷ்ல புலம்பறேன். நீங்க தைரியம் சொல்லுங்க. கடைசில லிஃப்ட் தானா ஓடுதுன்னு சொல்லி, லிஃப்ட் சரின்னு முடிச்சுடறேன்."

"வேண்டாம்ணே, அது தப்பு."

"ஒரு தப்பும் இல்ல. உங்களுக்கு வராததையா வந்த மாதிரி காட்டப் போறோம்? வர்றதைத்தானே காட்டறோம்."

அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். ஆனால் சொன்ன விதத்தில் வாங்க என்பதுதான் இருந்தது.

மறுநாள் கிடங்கிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு டிரெய்னர் மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இன்னொரு ஹெட்செட் அவர்கள் காதில். அந்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. அந்தப் பழைய கட்டடத்தின் நம்பர்.

"லிஃப்ட் நின்றுவிட்டது" என்றார் வாட்ச்மேன் இங்கிலீஷில். "யாரும் வராவிட்டால் நான் என்ன செய்வேன்?"

"பயப்படாதீர்கள். நீங்கள் அமைதியாக இருந்தால், நான் சீக்கிரம் ஆள் அனுப்புவேன்."

"காற்று போதவில்லை என்றால்?"

"மேலே ஃபேன் இருக்கிறது. மெதுவாக மூச்சு விட்டால், காற்று போதும்."

டிரெய்னர் மேடம் தலையை ஆட்டினார்கள். வாட்ச்மேன் கொஞ்சம் இடைவெளி விட்டார். "எனக்கு நெஞ்சு வலித்தால்?"

அடேயப்பா, என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் ஹலோக்கா. "வலித்தால் தரையில் உட்காருங்கள். உட்கார்ந்தால் வலி குறையும்."

"நான் தூங்கிவிட்டால்?" குரல் எங்கேயோ தள்ளிப் போயிருந்தது.

"நீங்கள் தூங்கிவிட்டால்," என்றாள் அவள், ஒரு தடங்கலும் இல்லாமல், "நான் எழுப்புவேன்."

டிரெய்னர் மேடம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "பிரமாதம். கடைசி பதில் தாள்லயே இல்ல, நீங்களா சொன்னது. நீங்க பாஸ்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஹலோக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் முடிப்பதற்கு மறந்துவிட்டார் என்று நினைத்து, லிஃப்ட் தானாக ஓடிவிட்டது என்று மேடத்திடம் தானே சொல்லி, பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டாள். மேனேஜர் வந்து வாழ்த்துச் சொன்னார். டீ வந்தது.

டீயை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். எதையோ விட்டுவிட்டோம் என்று மனசு அரித்தது. லிஃப்ட் சரி வரவில்லை. அது போகட்டும், மறந்திருப்பார். நானும் சரி வரவில்லையே. இத்தனை நாளில் ஒருநாள்கூட அவர் அதைச் சொல்லாமல் வைத்ததில்லை.

டீயை வைத்துவிட்டு அந்த லிஃப்டுக்கு இவளே போன் போட்டாள். லிஃப்டுப் போன் தானாகவே திறந்துகொள்ளும், யாரும் எடுக்க வேண்டியதில்லை. ஃபேன் சத்தம் கேட்டது. இங்கிலீஷ் எல்லாம் எந்த மூலைக்குப் போனதோ தெரியவில்லை.

"அண்ணே," என்றாள். "அண்ணே, சாப்ட்டீங்களா?"

ஃபேன்தான் ஓடியது.

"சார், ஆள் அனுப்பணும்" என்று எழுந்து நின்றாள். மேனேஜர் திரையைப் பார்த்தார். "பச்சை போட்டிருக்கீங்களே. இருக்கற மெக்கானிக் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பிரிச்சுப் போட்டுட்டு நிக்கறான். உங்க மனசுக்கு ஏதோ தோணுதுன்னு அவனை இழுக்க முடியுமா? அந்தாளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, நல்லாத்தானே பேசினாரு."

சும்மா இருந்திருக்கலாம். அவள் கையில் பாஸ் இருந்தது, நாற்காலி இருந்தது. ஒரு மணி நேரத்தில் அவரே கூப்பிட்டு, மறந்துட்டேன் மேடம் என்று சிரித்தாலும் சிரிப்பார். அந்த நாற்காலி இல்லாவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ரூமும் டிவியும்தான்.

"சார், அவரை எனக்குத் தெரியும். தினமும் இந்த லைன்லதான் பேசறோம். இவ்வளவு நாள் அவர்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தாரு. இன்னைக்குக் கூப்பிட்டதும் எனக்காகத்தான், பேசி வெச்சுக்கிட்டது. ஆனா அவர் சரின்னு சொல்லாம வெக்க மாட்டாரு. ஏதோ ஆயிடுச்சு. பச்சையை மாத்துங்க சார்."

டிரெய்னர் மேடம் முகம் செத்துப் போயிற்று. மேனேஜர், "அவசர லைன்ல உக்காந்து தினமும் கதையா பேசிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். ஆனால் கேட்டுக்கொண்டே குனிந்து பச்சையைச் சிவப்பாக மாற்றினார். அந்த மட்டும் நல்ல மனுஷன்.

மெக்கானிக் சாயங்காலம் வந்து சொன்னான். லிஃப்ட் தரைத்தளத்திலேயே கதவு மூடி நின்றிருந்தது, உள்ளே வாட்ச்மேன் சுருண்டு கிடந்தார், உயிர் இருந்தது, ஆம்புலன்ஸில் ஏற்றி விட்டுத்தான் வந்தான்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே இல்லன்னு சொன்னாங்கக்கா. பாதியிலேயே நிஜமா வலி வந்துடுச்சாம். தமிழ்ல கத்தினா பரீட்சை கெட்டுப் போயிடும்னு இங்கிலீஷ்லயே சொல்லிப் பாத்தேன்னாரு. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டு, மேடம் பாஸாயிட்டாங்களான்னு கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொல்லிட்டேன்" என்றான். "தப்பாக்கா?"

அன்றைக்கு அவள் ரூமுக்குப் போய் டிவி போடவில்லை. டிரெய்னர் மேடம் தேவைப்படாது என்று விட்ட மூன்றாவது வகை, அவளுக்கு வராமலே இருந்த வகை, கேட்காமலே வந்து நின்றது. வேண்டாம் என்று நிஜமாகவே சொல்லியிருந்தால். பச்சையை அமுக்காமல் இருந்திருந்தால். முதலில் வாய்விட்டு அழுதாள், பிறகு வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண், "பேஷண்ட் பேரு சொல்லுங்க" என்றாள்.

"வாட்ச்மேன். நேத்து லிஃப்டுலேருந்து கொண்டுவந்தாங்களே."

"பேர் வேணும்மா. நீங்க அவருக்கு என்ன உறவு?"

"தங்கச்சி" என்று வாயில் வந்துவிட்டது. பேர் தெரியாத தங்கச்சியை அந்தப் பெண் ஏற இறங்கப் பார்த்தாள். கடைசியில் இரக்கப்பட்டு உள்ளே போய் விசாரித்து வந்தாள். அவருடைய அக்கா மகன் வெளியூரிலிருந்து வந்து, அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையிலேயே கூட்டிப் போய்விட்டானாம். அவருக்கு உறவு என்று ஒருவன் இருந்ததில் ஹலோக்காவுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தோடு பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினாள்.

பிறகென்ன, பாஸ் ரத்தானது, நட்டும் போல்ட்டும்தான். சொன்னபடி சம்பளம் குறையவில்லை. நாற்காலிக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள், தண்ணீர் பட்ட பாடாக இங்கிலீஷ் பேசினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கும்போதெல்லாம் ஹலோக்காவின் கை துடைப்பதை நிறுத்தும், பிறகு தானாகத் துடைக்க ஆரம்பிக்கும். அவர் கூப்பிட்டாலும் இனி எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்? இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அந்த லிஃப்டு மட்டும்தான்.

ஒரு லீவு நாளில் அந்தக் கட்டடத்தைத் தேடிப் போனாள். இத்தனை நாள் காதில் கேட்ட கட்டடம், கண்ணால் பார்ப்பது முதல் தடவை. புது வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பழைய ஆளை அவன் பார்த்ததே இல்லை, ஏஜென்சியில் அனுப்பினார்கள், வந்தான்.

"நான் லிஃப்ட் கம்பெனிதான். டெஸ்ட் பண்ணணும்" என்றாள்.

"பண்ணுங்க. உள்ள ஒரு ஸ்டூல் கெடக்கும், தடுக்கிடப் போகுது. எந்தப் புண்ணியவான் லிஃப்டுக்குள்ள ஸ்டூல் போட்டான்னு தெரியல, தூக்கிப் போடணும்."

மணிப் பொத்தானுக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. நின்றுகொண்டு பேசுகிறார் என்றுதான் அவள் எப்போதும் நினைத்திருந்தாள். இப்படி வசதியாக உட்கார்ந்துகொண்டு, காலாட்டிக்கொண்டு பேசியிருக்கிறார். கதவு மூடியது. மேலே அந்த ஃபேன் ஓடியது. ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள்.

முதலில் அந்தச் சின்னப் பெண்ணின் இங்கிலீஷ் வந்தது, ஒரு பிசிறு இல்லாமல். பிறகு தமிழில், "சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

"டெஸ்ட்" என்றாள் ஹலோக்கா.

"ஓகே மேடம். லிஃப்ட் சரியா?"

ஹலோக்கா பொத்தானைப் பார்த்தாள். அதன் மேல் விரல் பட்டுப் பட்டு எழுத்து அழிந்திருந்தது.

"லிஃப்ட் சரி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்சம் காத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. பச்சையை அமுக்கியிருப்பாள், லைன் கட்டாகிவிட்டது.